கழற்றிப் பூட்டிய ஜி.டி.நாயுடு



நம்ம சுவர் இதழில் இதுவரைக்கும் தலைவர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லாரோட வாழ்க்கை வரலாறும் வந்தாச்சு. ஒரு மெக்கானிக்கோட வாழ்க்கை வரலாறு மட்டும் வந்ததே இல்லை. அதனால தமிழ் அம்மாகிட்ட கேட்டு இந்தத் தாளை நான் வாங்கிக்கிட்டேன். நான் எழுதப் போறது ஜி.டி.நாயுடு அவர்களைப் பற்றி. பொது அறிவுப் புத்தகத்துல இந்தியாவின் எடிசன் என்று ஒரே வரியில் போட்டிருப்பாங்க. அந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணினா ஒரு மார்க் கிடைக்கும், அவ்வளவுதான். அவர் எப்படி அப்படி ஆனார் என்பதுதான் சுவாரசியம்.

அவருடைய முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாத்தியார் மேலேயே மணலை அள்ளி வீசினாராம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று போச்சு. (இந்த இடத்தை மட்டும் படிச்சிட்டு 9-ஆம் வகுப்புப் பையன்கள் யாரும் குஷியாக வேண்டாம். முழுசாப் படிங்க.) அதுக்கப்புறம் அப்பாவோட நிலத்தில் வேலை செய்தார். தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படித்தார்.

1912-ல் அவருக்கு 19 வயசு. அப்போது வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காம ஒரு வண்டி தானாக ஓடுவதை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். அது ரட்ஜ் என்ற வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் செய்தது. அந்தக் கம்பெனி முதலில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது, அப்புறம்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டியில் பின்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது செயின் இல்லை, பெல்ட். நம்ம ஊர் மாவு மில்லில் ஓடுமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாமளா இருந்தா வண்டி பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிட்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வண்டியை வாங்கணும் என்பதுக்காகவே சேர்ந்தார். மூணு வருஷம் இலை போட்டு, தண்ணி வைத்து, காசு சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு வருஷத்தில் 300 ரூபாய் என்றால் மாசத்துக்கு 8 ரூபாய் 5 அணா. ஒரு சர்வருக்கு மாசம் அவ்வளவு மிச்சம் பிடிக்கணும்னா டீ கூட வெளியில குடிச்சிருக்க மாட்டார்.

வாங்கினதும் ஊரைச் சுற்றியிருப்பார் என்றுதான் நினைப்பீங்க. இல்லை. வாங்கின வண்டியை அக்கு அக்காகக் கழற்றிவிட்டார். அப்புறம் மறுபடியும் பூட்டினார். ஓடியது. அதோடு அவர் மெக்கானிக் ஆகிவிட்டார்.

இதை எல்லாப் புத்தகத்திலும் ரெண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கேள்வி வந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாம, மூணாம் வகுப்பு படித்தவர் எப்படிச் சரியாகப் பூட்டினார்? இதுக்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கலை. எங்க மாமா ஷெட்டில்தான் கொஞ்சம் கிடைத்தது.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, கவரைப்பேட்டை பக்கத்தில் ஜி.என்.டி. ரோடு ஓரமாக ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறார். சிப்காட்டுக்குப் போற வேன், டாடா ஏஸ் எல்லாம் வேலைக்கு வரும். ஷெட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் ஒரு அம்பாசிடர் கார் நிற்கிறது. அது எங்க தாத்தா டாக்சி ஓட்டின கார். தாத்தா இறந்த பிறகு எஃப்.சி. காட்டாமல் அப்படியே நின்று போச்சு. மாமா அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வேலை செய்கிறார். நான் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

மாமா ஒரு பலகை போட்டிருப்பார். எந்தப் பொருளைக் கழற்றினாலும் கழற்றின வரிசையிலேயே அந்தப் பலகையில் வைக்கணும். பக்கத்தில் சாக்பீஸில் நம்பர் போடணும். பூட்டும்போது கடைசி நம்பரில் இருந்து பின்னாடியே வரணும். ஒரு வாஷரைக் கூட இடம் மாற்றி வைக்கக் கூடாது. அந்த வேலை என்னுடையது. இப்படி வைத்துக்கொண்டே வரும்போது ஒண்ணு புரியுது. எந்தப் பொருளும் சும்மா இல்லை. இது ஏன் இங்க இருக்கு என்று ஒவ்வொன்றும் நம்மைக் கேட்கிற மாதிரி இருக்கும். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்குது. பிளக்கில் தீப்பொறி வருது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுது. பிஸ்டன் மேலேயும் கீழேயும் போறதை கிராங்க் சுற்றுகிற ஓட்டமாக மாற்றுது. அறிவியல் பாடத்தில் இதுக்குப் படம் இருக்கு. ஆனா பிஸ்டனைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது அது எவ்வளவு வெயிட்டு என்று தெரியும், ரிங் எங்க தேய்ந்திருக்கு என்று விரலில் தட்டும். புகை கறுப்பாக வந்தா பெட்ரோல் அதிகம், நீலமாக வந்தா ஆயில் எரியுது. எங்க அம்பாசிடரில் நீலப் புகை. ரிங் போயிருக்கு என்று கழற்றுவதுக்கு முன்னாடியே மாமா சொல்லிவிட்டார். கழற்றினால் அதேதான்.

ஜி.டி.நாயுடு அவர்களும் ஏதோ ஒரு வரிசை வைத்துத்தான் கழற்றியிருக்கணும் என்பது என் எண்ணம். ஒரு சிலிண்டர் உள்ள வண்டி, நிறைய நேரம், கையில் பொறுமை, இந்த மூணும் இருந்தால் வண்டியே வாத்தியார் ஆகிவிடும்.

மறுபடியும் அவர் கதைக்கு வருகிறேன். மெக்கானிக் வேலைக்குப் பிறகு திருப்பூரில் பருத்தி வியாபாரம் செய்தார். முதல் உலகப் போர் சமயத்தில் நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரிகளோடு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். மொத்தமும் போச்சு. வெறுங்கையோடு கோயம்புத்தூருக்குத் திரும்பினார்.

அங்கே ஸ்டேன்ஸ் துரை என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஸ்டேன்ஸ் மில், ஸ்டேன்ஸ் பள்ளி எல்லாம் அவர் பேர்தான். அவர் உதவியால் 1920-ல் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அந்த ஒரே பஸ்ஸை ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். பழனிக்குக் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை, இடம் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். ஒரு பஸ் பல பஸ் ஆச்சு. யு.எம்.எஸ். என்ற கம்பெனி ஆச்சு. பஸ் நேரத்துக்கு வரணும், நேரத்துக்குக் கிளம்பணும் என்பதில் ரொம்பக் கறாராக இருந்தார் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். காலையில் நம்ம பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஒரு பொருள் உடைந்தால் சீமையில் இருந்து கப்பலில் வரணும். அதுவரை வண்டி நிற்கும். வண்டி நின்றால் நஷ்டம். அதனால் பழுது பார்க்கத் தெரிந்தவன்தான் பஸ் முதலாளியாகத் தாக்குப் பிடிக்க முடியும். அவர் மோட்டார் சைக்கிளைக் கழற்றினது வீண் வேலை இல்லை என்று இங்கதான் தெரியுது.

1930-களில் அவர் வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கையில் எப்போதும் கேமரா. 1936-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்தபோது அந்த இறுதி ஊர்வலத்தை அவரே சினிமா கேமராவில் படம் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படம் எடுத்திருக்கிறார்.

1937-ல் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையில் மின் மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் இதுதான் என்று சொல்லப்படுகிறது. நாயுடுவோடு சேர்ந்து செய்தவர் பாலசுந்தரம் நாயுடு என்பவர். அவர் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியை ஆரம்பித்தார். பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் தேவை, வெளிநாட்டு மோட்டார் விலை அதிகம். இன்றைக்கும் நம்ம பக்கத்து வயல்வெளியில் போர் மோட்டாரில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படித்துப் பாருங்கள், நிறைய மோட்டாரில் கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும்.

அவர் செய்த பொருள்களை எல்லாம் எழுதினால் இந்தத் தாள் பத்தாது. பேட்டரியில் ஓடுகிற ரசாந்த் என்ற ஷேவிங் ரேசர், ரொம்ப மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். விவசாயத்திலும் இறங்கி உயரமான பருத்திச் செடி, புது ரகச் சோளம் என்றெல்லாம் வளர்த்தார். சர் சி.வி.ராமன் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார். 1967-ல் அஸ்திவாரத்தில் இருந்து ஒரு வீட்டை 11 மணி நேரத்தில் கட்டி முடித்தார். எங்க பஞ்சாயத்தில் தொகுப்பு வீடு கட்ட எத்தனை மாசம் ஆகுது என்று ஆயா கேட்கச் சொன்னாங்க.

இவ்வளவு இருந்தாலும் எனக்கு மனசில் நிற்கிறது அவர் கார்தான். 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை சுமார் 2,000 ரூபாய். கார் என்றால் ஜமீன்தாருக்கும் டாக்டருக்கும்தான் என்று இருந்த காலம் அது. அப்போது ஐரோப்பாவிலும் இதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. உலகப் போருக்கு அப்புறம் மக்களிடம் காசு இல்லை, அதனால் குட்டிக் கார் செய்தார்கள். இத்தாலியில் ரெண்டு பேர் போகிற இசெட்டா கார் 1953-ல்தான் வந்தது. நம்ம ஆள் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே செய்துவிட்டார். ஆனால் இசெட்டா பல நாடுகளில் ஓடியது, நாயுடு கார் ஓடலை. ஏன் என்றால் அப்போது எந்தத் தொழிற்சாலையில் எதைச் செய்வதானாலும் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கணும். 1951-ல் அதுக்குச் சட்டமே வந்திருந்தது. அவருக்கு லைசென்ஸ் கொடுக்கலை. கார் நின்று போச்சு.

லைசென்ஸ் கொடுக்காததுக்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். நாடு அப்போதுதான் விடுதலை ஆகியிருந்தது, இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைச்சல், அதனால் சில கம்பெனிகளுக்கு மட்டும் அனுமதி என்று. சமூக அறிவியல் சார் இதை எனக்கு விளக்கினார். புரிந்தது. ஆனாலும் மனசு ஆறலை. ஏழைக்கு ஒரு கார் என்று மறுபடியும் டாடா நானோ வந்தது, ஒரு லட்சம் ரூபாய் என்று 2008-ல் அறிவித்தார்கள். நடுவில் 56 வருஷம் போயிருக்கு. அந்த நானோவும் 2018-ல் நின்று போச்சு என்பது வேற கதை.

அரசாங்கம் மேலும், போட்ட வரி மேலும் அவருக்கு ஏகப்பட்ட கோபம். தான் செய்த பொருள்களை மக்கள் பார்க்கும்படி வைத்து உடைத்து எதிர்ப்புக் காட்டினார். இது மட்டும் எனக்குப் பிடிக்கலை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும், ரேடியோ என்ன பாவம் செய்தது? ஒரு பொருளைச் செய்கிறவருக்கு உடைக்க எப்படிக் கை வந்தது என்று மாமாவிடம் கேட்டேன். செய்தவனுக்குத்தான் உடைக்கிற வலி தெரியும், அந்த வலியைக் காட்டத்தான் உடைத்தார் என்பது மாமாவோட கட்சி. எங்களுக்குள் இன்னும் இது முடியலை.

இப்போது படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பேரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஆரம்பித்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பேர் அது. அதுக்கு உழைத்தவர், பணம் கொடுத்தவர், முதல் பிரின்சிபால் எல்லாம் யார்? மூணாம் வகுப்பில் மணலை வீசிவிட்டு வந்த அதே ஜி.டி.நாயுடு! அந்தக் கல்லூரிதான் இப்போது கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நல்ல மார்க் எடுக்கிற அண்ணன் அக்காங்க கவுன்சிலிங்கில் சேர ஆசைப்படுகிற கல்லூரி. பொறியியல் படிப்புக்கு 4 வருஷம் தேவை இல்லை, 2 வருஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கலை. பதவியை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அதனால் அவர் படிப்புக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. கையால் தொடாத படிப்புக்குத்தான் எதிரி. எங்க வீட்டில் இந்தப் பேச்சு இப்போது சூடாக ஓடிக்கொண்டிருக்கு. பத்தாவது முடித்ததும் நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேரணும் என்கிறேன். அப்பா சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். பொம்பளைப் பிள்ளை கிரீஸ் கையோட நின்றால் யார் என்ன பேசுவாங்களோ என்பது அவர் கவலை. பதினொன்றாவதில் வேறு குரூப் எடு, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார் என்கிறார். அம்மா ரெண்டு பக்கமும் பேசுறாங்க. அந்த அம்பாசிடரையும் பொங்கலுக்குள் காயலான் கடைக்குப் போட்டுவிடணும், இடம் அடைக்குது என்று அப்பா சொல்லிவிட்டார். அது தாத்தா பேரில் இருப்பதால் அப்பாவுக்கும் முழு மனசு இல்லை என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குள் இன்ஜினைப் பூட்டி ஸ்டார்ட் செய்து காட்டுகிறோம் என்று மாமாவும் நானும் கெடு வாங்கியிருக்கோம். ரிங் வந்துவிட்டது. கேஸ்கட் செட் இன்னும் வரலை. அம்பாசிடர் 2014-ல் நின்று போனதால் சில சாமான்களுக்குப் புதுப்பேட்டை வரைக்கும் போய்த் தேடணும்.

பழைய காரை வைத்துப் பழுது பார்க்கிறது நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்லை என்பதையும் இங்க எழுதணும். செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கு. அங்கேதான் பல வருஷம் கார் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வழி இல்லாதவர்கள் சாதாரணக் காரையே வெயிட்டைக் குறைத்து, இன்ஜினை மாற்றி, பந்தயக் காராக ஆக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பேர் பெற்றவர் கரிவரதன். அவரும் கோயம்புத்தூர்காரர்தான். மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். 1995-ல் சின்ன விமானம் விழுந்து இறந்துவிட்டார். கோயம்புத்தூர் ஊருக்கும் இன்ஜினுக்கும் ஏதோ ஒட்டு இருக்கு. இப்போது ரோட்டில் ஓடுகிற காரை நம்ம இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறபடிதான் இருக்கணும். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழமையான வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அதுவும் அசல் வடிவம் மாறாமல் இருந்தால்தான். ஜி.டி.நாயுடு கையில் சிக்கிய எந்த வண்டியும் இந்த விதிப்படி பாஸ் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்தான்!

ஜி.டி.நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தம்முடைய 80-ஆவது வயதில் காலமானார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பேரில் உள்ள அறக்கட்டளை அவருடைய கண்டுபிடிப்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. 2015-ல் அதே சாலையில் பழைய கார்களுக்கு என்றே ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். 2025 அக்டோபரில் அந்த அவினாசி சாலை மேலேயே 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறந்து, அதுக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பேர் வைத்தார்கள்.

நம்ம பள்ளிச் சுற்றுலா ஒவ்வொரு வருஷமும் மகாபலிபுரம் இல்லைன்னா வண்டலூர்தான். இந்த வருஷம் கோயம்புத்தூர் கேட்டு தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கேன். இதுவரைக்கும் 23 பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதில் 14 பேர் பெண்கள். மனு 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் என் கணக்கு நோட்டுக்குள் இருக்கு. கையெழுத்துப் போட வருகிறவர்கள் பேனா கொண்டு வரவும்.